சம்பங்கியும் கறுப்பு ஆர்க்கிடும்

மே 14, சேலம்
துபாயிலிருந்து வந்த அக்கா இரண்டு செண்ட் பாட்டில்களை விட்டுப் போயிருக்கிறாள். ஒன்று டியோரின் பாய்சன், 1985இல் வந்தது. ஊதா நிற ஆப்பிள் மாதிரி இருக்கிறது. இன்னொன்று டாம் ஃபோர்டின் பிளாக் ஆர்க்கிட், 2006. சனிக்கிழமை மாமா பெண்ணுக்கு ரிசப்ஷன். எதை அடித்துக்கொண்டு போவது?

மே 15
பாய்சனை மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, “சம்பங்கி மாலை யாரு சாமி வாங்கிட்டு வந்தது?” என்றார். பாட்டிலைப் பார்க்காமலேயே பிடித்துவிட்டார். அதன் நடுவில் இருப்பது டியூப்ரோஸ், நம் நிலச்சம்பங்கிதான். கூடவே பிளம் பழ இனிப்பு. விளம்பரத்தில் மர்மம், ஆபத்து என்றெல்லாம் சொல்கிறார்கள். வ.உ.சி. பூ மார்க்கெட்டில் கிலோ கணக்கில் நிறுத்து வாங்குகிறவர்களுக்கு இதில் என்ன மர்மம்? மாப்பிள்ளை கழுத்திலும் அதே பூ, பாடையிலும் அதே பூ. ஆனால் இந்த வெயிலில் அரை மணி நேரத்தில் தலை வலித்தது.

மே 16
பிளாக் ஆர்க்கிட்டை முதல் பத்து நிமிடம் சகிக்க முடியவில்லை. மேலாக வருவது ட்ரஃபிள், மண்ணுக்கடியில் விளைகிற காளான். மழையில் நனைந்த விறகுக் கொட்டகை நினைவுக்கு வந்தது. அப்புறம் இலாங் இலாங் எழுந்தது. நம் மனோரஞ்சிதத்துக்கு உறவுக்கார மரம், அதே பழுத்த மணம். கடைசியில் சாக்லேட், வெண்ணிலா. பெயரில் உள்ள கறுப்பு ஆர்க்கிட் எந்தப் பூவிலிருந்தும் வடித்ததல்ல, கூட்டிச் சேர்த்த கற்பனை மணம். வேடிக்கை என்னவென்றால், வெண்ணிலாதான் நிஜமாகவே ஆர்க்கிட் குடும்பத்துக் கொடி.

மே 17, இரவு
இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, தலையில் நாலு முழம் மல்லி. மல்லி இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மல்லி, சம்பங்கி இரண்டிலும் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. பூ மணத்துக்கு அடியில் லேசாக அழுகல் தட்டுவது அதனால்தான். பாய்சனும் மல்லியும் சேர்ந்தபோது அந்த அழுகல்தான் முன்னே வந்தது. பிளாக் ஆர்க்கிட் தப்பித்தது, ஏசி மண்டபத்தில் கடைசிப் பந்தி வரை நின்றது. பெரியம்மா மட்டும் கையை மோந்து பார்த்து, “என்ன கண்ணு, கேக்கு வெட்டுனியா?” என்றார்.

மே 19, ஏற்காடு
20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது மழை விட்டிருந்தது. இந்தக் குளிருக்கு பிளாக் ஆர்க்கிட்தான் என்று அடித்துக்கொண்டு, மலை விளிம்பில் இருக்கிற லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்டுக்குப் போனேன். செண்ட் ஆளையே காணோம்! காபித் தோட்டத்து ஈர மண் வாசனையோடு கலந்து கரைந்துவிட்டது. அறைக்குத் திரும்பியதும், போனால் போகிறதென்று பாய்சனைச் சால்வையில் அடித்தேன். சேலத்தில் தலைவலி கொடுத்த அதே பாய்சன். குளிரில் செண்ட் மெதுவாகத்தான் ஆவியாகும்; இனிப்பு அடங்கி, தூரத்துத் தோட்டத்தில் சம்பங்கி விரிந்த மாதிரி வந்தது. மறுபடி வெளியே போய், கீழே மின்னுகிற சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

மே 20
பாய்சனை நானே வைத்துக்கொள்கிறேன் என்று அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். “கொன்னுடுவேன். அது மறந்து வெச்சுட்டு வந்தது. உனக்கு வாங்குனது கறுப்பு பாட்டில்தான்.”