தெருமுனை பப்பில் ஒன்றரை மாதம்

3 அக்டோபர் 2025, வெள்ளி

இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் டிரென்ட் நகரத்துக்குக் குடிவந்து ஐந்து வாரங்களாகின்றன. வீட்டிலிருந்து நான்கு நிமிட நடையில் இருக்கும் பப்புக்குள் இன்றுதான் நுழைந்தேன். மனைவியை இரவுப் பணிக்கு மருத்துவமனையில் விட்டுவிட்டுத் திரும்பும்போது சன்னல் வெளிச்சம் கூப்பிட்டது. பழைய செங்கல் கட்டடம், இரண்டு அறைகள், நடந்து நடந்து தேய்ந்த கம்பளம், இன்னும் பற்றவைக்கப்படாத கணப்பு, மரமேடையில் வரிசையாகப் பீர் இறைக்கும் நான்கு கைப்பம்புகள். ஊர்ப் பெருமையை முதலில் குடித்துப் பார்ப்போம் என்று பெடிக்ரி என்ற உள்ளூர் பீர் ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரு குவளை, கேட்டேன்.

குவளையை வாயருகே கொண்டுபோகும்போதே மூக்கில் ஒரு நெடி ஏறியது. உரசி அணைத்த தீக்குச்சியின் நெடி. அதற்கு அடியில் அவித்த முட்டையின் சாயலும் இருந்தது. புதிய ஆள், நிறம் வேறு, கெட்டுப்போனதைத் தள்ளிவிடுகிறார்கள் என்று மனம் உடனே கணக்குப் போட்டது. குவளையை மேடைக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்து, இது கெட்டுவிட்டது என்றேன். பப்பை நடத்தும் அம்மையார் அதை முகர்ந்து பார்த்தார்; சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. இது இந்த ஊர்த் தண்ணீரின் மணம் என்றும், பிடிக்காவிட்டால் வேறொன்று தருவதாகவும் சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே பக்கத்துப் பம்பிலிருந்து சிறு கண்ணாடியில் இரண்டு வாய் அளவு ஊற்றிச் சுவைக்கக் கொடுத்தார். வெட்கத்துடன் முதல் குவளையையே எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

கணப்பருகே உட்கார்ந்திருந்த முதியவர், பீர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மீதியை விளக்கினார். இந்த ஊர்க் கிணற்றுநீர் ஜிப்சம் படிவுகளின் வழியாக ஊறி வருவதால் அதில் கால்சியம் சல்ஃபேட் மிகுதி. அந்த நீர் ஹாப் பூவின் கசப்பைக் கூர்மையாகவும் சுத்தமாகவும் எடுத்துக்காட்டும். வார்த்த சில நிமிடங்களுக்குக் கந்தக மணத்தையும் காட்டும். அந்த மணத்துக்கு ‘பர்ட்டன் ஸ்னாட்ச்’ என்று தனிப்பெயரே உண்டு. 1820-களில் இந்த ஊர் ஆலைகள் இந்தியச் சந்தைக்கென்று வெளிர்நிற பீர் காய்ச்சி அனுப்பத் தொடங்கியபோது பேர் வாங்கிக் கொடுத்ததும் இதே தண்ணீர்தான். பிற்பாடு வேறு ஊர்க்காரர்கள் தங்கள் நீரில் ஜிப்சம் கலந்து இதைப் போலச் செய்தார்கள். அந்த வேலைக்கே இந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் போன பீரின் ஊருக்கு எதிர்த்திசையில் வந்து சேர்ந்த நான், முதல் வேலையாக அதன் மணத்தையே குற்றம் சொல்லியிருக்கிறேன். பாதிக் குவளைக்குள் நெடி போய்விட்டது; பிஸ்கட்டைப் போன்ற மால்ட் (முளைகட்டிய பார்லி) சுவையும் நாவின் பின்புறத்தில் ஒரு வறண்ட கசப்பும் மிஞ்சின. மோசமில்லை.

7 அக்டோபர் 2025, செவ்வாய்

மேசையில் உட்கார்ந்தால் யாரும் வரமாட்டார்கள் என்பது சென்ற முறையே புரிந்துவிட்டது. மேடைக்குப் போய்த்தான் கேட்க வேண்டும், அங்கேயே காசும் கொடுத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒன்று அங்கே இருக்கிறது என்பதை இன்றுதான் கற்றேன். ஆட்கள் மேடை நெடுக விரவி நிற்கிறார்கள், ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. பணியாள் என் பக்கம் திரும்பியபோது, எனக்கு முன்பே வந்தவர் எவரோ அவரைக் கையால் காட்டினேன். அடுத்த முறை அவர் என்னைக் காட்டினார். பணத்தாளை ஆட்டுவதோ குரல் கொடுப்பதோ இங்கே செல்லாது.

12 அக்டோபர் 2025, ஞாயிறு

மனைவியின் தாய்மாமன் கும்பகோணத்திலிருந்து மூன்று வாரத் தங்கலாக வந்திருக்கிறார். எழுபத்திரண்டு வயது, முட்டையும் பாலும் கலந்த கேக் வரை இறங்கி வருவாரே தவிர, அதற்கு அப்பால் சுத்த சைவம், மது தொட்டதில்லை. இங்கிலாந்தின் ஞாயிறு மதியச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று அவரே கேட்டதால் அழைத்துச் சென்றோம். வாசலிலேயே ஒருவர் அவரை ‘மி டக்’ என்று அன்பாக விளித்தார். என்னை வாத்து என்கிறாரா என்று மாமா கேட்டார். இந்த வட்டாரத்தில் ‘கண்ணு’ என்பதுபோல அது என்று மனைவி விளக்கினாள்.

எனக்கும் மனைவிக்கும் ஆட்டிறைச்சி. மாமாவுக்குக் கொட்டைப்பருப்புகளையும் காளானையும் சேர்த்துச் சுட்ட ‘நட் ரோஸ்ட்’. உணவுப் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் சைவக் குறி இருந்தது. இருந்தும், தட்டில் உள்ள எல்லாமே சைவந்தானா என்று பரிமாறிய இளம்பெண்ணிடம் தெளிவாகக் கேட்டேன். எல்லாமே சைவம் என்று தயங்காமல் சொன்னாள்.

சாப்பாட்டைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிறைச்சி இழைபிரிந்து வந்தது, ஆனால் சூடு போதவில்லை. கேரட்டும் பார்ஸ்னிப்பும் இனிப்பாகக் கருகியிருந்தன. முட்டைக்கோஸை வேகவைத்த விதத்தை எங்கள் வீட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். யார்க்‌ஷயர் புட்டிங் என்பது புட்டிங்கே இல்லை. மைதாவையும் பாலையும் முட்டையையும் கரைத்துக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி ஓவன் அடுப்பில் வைத்தால் கிண்ணம்போல் உப்பி எழுவது அது. உள்ளே குழம்பு தேங்கி நிற்க, விளிம்பு மொறுமொறுவென்று இருந்தது. உருளைக்கிழங்குதான் அன்றைய அரசன்: வெளியே கண்ணாடிபோல் உடையும் தோல், உள்ளே மாவு.

அந்த உருளைக்கிழங்கின் சுவைதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. எண்ணெயில் அந்த வாசனை வராது. எழுந்து சமையலறைக் கதவருகே போய்ச் சமையல்காரரிடமே கேட்டேன். அவர் முகம் மாறியது. உருளைக்கிழங்கும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் மாட்டுக் கொழுப்பில் சுட்டவை. சைவம் கேட்பவர்களுக்குத் தனித் தட்டில் எண்ணெயில் சுட்டது உண்டு, ஆனால் கேட்டதாக யாரும் உள்ளே வந்து சொல்லவில்லை என்றார். நான் திரும்புவதற்குள் மாமா ஒரு கிழங்கில் பாதியை முடித்திருந்தார். சொன்னதும் முட்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒரு தம்ளர் தண்ணீரை முழுவதும் குடித்தார். “தெரிஞ்சு சாப்பிடலையே மாப்பிள்ளை, விடுங்க” என்றார். அதன்பிறகு எதையும் தொடவில்லை. சமையல்காரர் வெளியே வந்து மன்னிப்புக் கேட்டுப் புதுத் தட்டு தருவதாகச் சொன்னார்; மூவருக்கும் பணம் வாங்கவில்லை. ஆனாலும் வீடு வரும்வரை மூவரும் பேசவில்லை.

இந்நாட்டு உணவகங்கள் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிக் கேட்பவருக்குத் தகவல் தர வேண்டுமென்று சட்டம் உண்டு. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். மாட்டுக் கொழுப்பு வராது, ஏனெனில் அது பொதுவாக உடலைத் தாக்குவதில்லை. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்குப் பரிமாறுபவரின் வாய்ச்சொல்லே ஆதாரம். அந்தப் பெண் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னாள். கேட்டுவருகிறேன் என்று உள்ளே போய்வர அரை நிமிடம் ஆகியிருக்கும்.

21 அக்டோபர் 2025, செவ்வாய்

நேற்றுத் தீபாவளி. இன்று விடுப்பு, பகல் பன்னிரண்டு மணிக்கே போனேன். நான்தான் முதல் வாடிக்கையாளர். அம்மையார் இல்லை, புதிதாகச் சேர்ந்த இளைஞர் மட்டும். டெர்பிஷயர் சிற்றாலை ஒன்றின் பிட்டரை, அதாவது கசப்பு வகை பீரை, கேட்டேன். வாயில் வைத்ததும் நாவின் இருபுறமும் புளித்தது. பழைய ஊறுகாய்ச் சாடியைத் திறந்த வாடை.

மாற்றித் தரச் சொன்னேன். பீப்பாய் பீர் இப்படித்தான் இருக்கும், இந்த ஊர் பீருக்கென்று ஒரு மணம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்குப் பழக நாளாகும் என்றார் அவர். மூன்றாம் தேதி நான் கற்ற பாடத்தை எனக்கே திருப்பிப் படித்துக்காட்டினார். ஒரு கணம் எனக்கே ஐயம் வந்துவிட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். முதல் நாள் தவறாகக் குறை சொன்னவன் இரண்டாம் முறை சரியாகச் சொல்லும்போது அவன் குரலில் பாதி வலு போய்விடுகிறது.

நல்லவேளையாக ஓய்வுபெற்ற ஆலைக்காரர் வந்தார். அவரிடம் குவளையை நீட்டினேன். முகர்ந்தார், குடிக்கவில்லை. “வினிகர்” என்று ஒரே சொல்லோடு குவளையை மேடையில் வைத்தார். இளைஞர் மறுபேச்சின்றி வேறு பம்பிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். பெரியவர் சொன்னால் உண்மை, நான் சொன்னால் பழக்கமின்மை. அந்த உறுத்தல் இரண்டாவது குவளை நன்றாக இருந்தும் போகவில்லை.

24 அக்டோபர் 2025, வெள்ளி

நடந்ததை அம்மையாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் மேடைப் பலகையைத் தூக்கி, நேரமிருந்தால் கீழே வாருங்கள் என்று நிலவறைக்கு அழைத்துச் சென்றார். செங்குத்தான படிகள், ஈரச் சுவர், பதினொன்றிலிருந்து பதின்மூன்று டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்திவைத்த குளிர். அதனால்தான் பீப்பாய் பீர் பனிக்கட்டிபோல் வருவதில்லை. சூடான பீர் என்று பிறநாட்டார் கேலி செய்வது இந்த வெப்பநிலையைத்தான்.

சாய்வாகக் கிடந்த ஒவ்வொரு பீப்பாயும் ஒரு ஃபர்கின், அதாவது ஒன்பது கேலன், 72 பைன்ட். ஆலையிலிருந்து வரும்போதும் உள்ளே ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது. பீப்பாயிலேயே மீண்டும் நொதித்து, வண்டல் அடியில் படிந்த பிறகுதான் ஊற்றலாம். பீப்பாயின் மேற்புறத்தில் ஒரு சிறு மர ஆப்பு. மேலே குவளையில் இறங்கும் ஒவ்வொரு பைன்டுக்கும் ஈடாக இங்கே காற்று உள்ளே போகிறது, அது புகுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. திறந்து மூன்று நாளைக்குள் 72 பைன்டும் விற்றாக வேண்டும். இல்லையென்றால் சுவை சாய்ந்து, கடைசியில் காடியாகும். வெள்ளிக்கிழமை திறந்து செவ்வாய் வரை இழுத்ததும், இரவெல்லாம் குழாயில் தேங்கியதைக் கொட்டாமல் முதல் வாடிக்கையாளருக்கு ஊற்றியதும் தங்கள் பிழை என்று நேராகச் சொன்னார். நான்கு பம்பு வைத்திருப்பது பார்க்க நன்றாக இருக்கிறது, வாரநாள்களில் குடிக்க ஆளில்லை என்றும் சொன்னார். என் கருத்தும் அதுவே: வியாபாரம் சிறிதாக இருந்தால் இரண்டு பம்பு போதும்.

வண்டல் எப்படித் தெளிகிறது என்று கேட்டேன். ஐசிங்கிளாஸ் என்றார்; மீனின் காற்றுப்பையை உலர்த்தி எடுக்கும் பசை. மேகம்போல் மிதக்கும் ஈஸ்ட்டைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கும். சைவக்காரர்களுக்கு அதையும் சொல்வீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். தெளிவிக்காமல் கலங்கலாகவே அனுப்பும் சிற்றாலைகள் இப்போது இருக்கின்றன, கின்னஸும் மீன் பசையை விட்டுவிட்டது, ஆனால் பம்பில் தொங்கும் அட்டையில் நான் எழுதியதில்லை என்றார்.

9 நவம்பர் 2025, ஞாயிறு

போரில் இறந்தோரை நினைவுகூரும் ஞாயிறு. நினைவிடத்திலிருந்து கோட்டில் சிவப்பு பாப்பிப் பூவோடு வந்தவர்களால் இரண்டு அறைகளும் நிரம்பியிருந்தன. இன்று ரோஸ்ட் வேண்டாமென்று ‘உழவர் மதியச் சாப்பாடு’ வாங்கினேன்: செடார் பாலாடைக்கட்டி, கனத்த ரொட்டி, வினிகரில் ஊறிய வெங்காயம், பிரான்ஸ்டன் ஊறுகாய். 1960-களில் பாலாடைக்கட்டி விற்பனைக்காக நாடெங்கும் பரப்பப்பட்ட பெயர் இது. உழவருக்கு இதில் எவ்வளவு பங்கு என்று தெரியாது. ஆனால் ஊறுகாய்க்கு உள்ளூர்ப் பங்கு உண்டு. 1922-இல் அதை முதலில் செய்தது பக்கத்துப் பிரான்ஸ்டன் கிராமத்தில்தான். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி வேறிடம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. ரொட்டி நேற்றையது. மற்றதெல்லாம் அருமை.

நுரை ஒரு விரல் அகலத்துக்கு நின்றது. விளிம்பு வரை அளவுள்ள குவளையில் 568 மில்லிலிட்டருக்குள் நுரையும் சேரும் என்பது வழக்கம். ஆனாலும் மேலே ஊற்றித் தரச் சொல்லலாம். சொன்னேன். அந்த இளைஞரே சிரித்துக்கொண்டு நிரப்பினார்.

கணப்புக்கு மேலுள்ள கரும்பலகையில் ஒரு புது வரி சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது: உருளைக்கிழங்கும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் மாட்டுக் கொழுப்பில் சுட்டவை, எண்ணெயில் வேண்டுவோர் சொல்லவும். படமெடுத்து, ஊர் திரும்பிவிட்ட மாமாவுக்கு அனுப்பினேன். “எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கலாம் மாப்பிள்ளை” என்று பதில் வந்தது.

20 நவம்பர் 2025, வியாழன்

நல்ல குளிர். மார்மைட் எனும் ரொட்டித் தடவல் செய்யும் ஆலையின் ஈஸ்ட் வாசனை தெருவெல்லாம் தங்கியிருந்தது. கணப்பில் நெருப்பு. மேடையில் பம்புகள் மூன்றாகக் குறைந்திருந்தன. அவற்றிலும் ஒன்றின் அட்டை முன்பக்கம் தெரியாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதில் என்ன என்று இளைஞரிடம் கேட்டேன். போர்ட்டர் என்ற கரிய பீர், நேற்றுத்தான் பீப்பாயைச் சாய்த்தோம், இன்னும் தெளியவில்லை என்றார். கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, ஊற்றுங்கள் என்று வேண்டுமென்றே வற்புறுத்தினேன். முடியாது, நாளை மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, எனக்கு அடுத்து நின்றவரைப் பார்த்துத் தலையசைத்தார்.