ஊதாச் சட்டை

மலேசியாவில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி. பன்னிரண்டாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கியபோது நானும் உடன் வந்த பெண்ணும் ஊதாச் சட்டை போட்டிருந்தோம். முதுகில் மூன்று மொழிகளில் 'குடும்ப வன்முறையை நிறுத்துவோம்'. கணவரிடம் அடிபட்டு மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியிருந்த ஓர் அக்காவைப் பார்க்கப் போனோம். திறந்த வராந்தா, பத்து வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

கதவைத் திறந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார். "உள்ள வாங்க, சீக்கிரம்."

நான் இந்த வேலைக்கு வந்து அப்போது நான்கு மாதம். மௌனத்தை உடைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். யாருடைய மௌனம், அதை யார் உடைப்பது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மருத்துவமனைக்காரர்கள் எங்களைவிட விவரமானவர்கள். 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் வந்த ஓ.எஸ்.சி.சி. (ஒரே இடத்தில் எல்லா உதவியும் தரும் நெருக்கடி உதவி மையம்) முறையில், அடிபட்டு வரும் பெண்ணைத் தனி அறையில் உட்கார வைப்பார்கள். டாக்டர், போலீஸ், சமூகநல அதிகாரி எல்லாரும் அவரைத் தேடி அங்கே வர வேண்டும். கவுண்டர் கவுண்டராக நின்று கதை சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அப்படி மூடிக் காத்ததை நாங்கள் முதுகில் எழுதிக்கொண்டு வந்து காட்டிக் கொடுத்துவிட்டோம்.

அக்கா ரவிக்கை தைப்பவர். அதற்குப் பிறகு துணி வருவது நின்றது. மூன்று வீடு தள்ளி நடந்த வளைகாப்புக்கு அவரைக் கூப்பிடவில்லை. 'வாழாவெட்டி' என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1994இன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூகநல அதிகாரியே தரலாம், நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஏழு நாள் செல்லும். ஆனால் அக்கம்பக்கத்தார் எண்ணியது வேறு கணக்கு: எத்தனை வருஷக் கல்யாணம், எத்தனை பிள்ளை, அப்படி என்னதான் பண்ணிட்டான்?

அப்புறம் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டோம். மேசையில் அடுக்கிய துண்டறிக்கையை ஒருவரும் தொடவில்லை. எடுத்தால் 'இவ வீட்லயும் இருக்கு போல' என்று பக்கத்தில் இருப்பவர் நினைப்பாரே. தாலியான் காசே 15999 என்ற உதவி எண்ணை நான் வாசித்ததும் முன்வரிசைப் பாட்டி ஒருவர், "என்னம்மா இது, தாலிக்கும் காசுக்கும் சேர்த்து ஒரே நம்பரா?" என்றார். மலாயில் தாலியான் என்றால் தொலைபேசி இணைப்பு, காசே என்றால் அன்பு என்று விளக்கப் போனேன். "சரி விடு, சண்டை வர்றதும் அந்த ரெண்டாலதானே" என்றாரே பார்க்கலாம். மண்டபமே சிரித்தது. அன்றைக்கு நான் காட்டிய படங்கள் எதுவும் யாருக்கும் நினைவிருக்காது.

கோயிலில் கூட்டிப் பெருக்கும் அம்மாதான் அடுத்த யோசனை சொன்னார்: "பொம்பளைங்க கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. அங்கதான் தனியா இருப்பாங்க." செயலவை இரண்டு மாதம் இழுத்தது. கோயிலில் அடி, உதை என்றெல்லாம் எழுதலாமா என்று அவர்களுக்குக் கவலை. எண் மட்டும் போட்டு, கீழே கிழித்தெடுக்கச் சின்னச் சின்னச் சீட்டு வைத்து ஒட்டினோம். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று சீட்டு குறைந்திருக்கும்.

அந்தப் பாட்டிக்கும் அதே அடுக்குமாடிதான். பேரன் கல்யாணத்துக்கு நாலு ரவிக்கைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், அத்தனை வாசலையும் தாண்டி நடந்துபோய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாராம். பிறகு ஒருத்தர் இருவராகத் துணி வந்தது. வளைகாப்பு வீட்டுக்காரர்கள் இன்னும் வரவில்லை.

எங்கள் படிவத்தில் அக்காவை 'மீண்டவர்' என்று எழுதுவோம். காட்டினேன். "மீண்டுட்டேனா? ரெண்டு மாச வாடகை நிக்குதே" என்றார்.

இப்போது நான் போவது சாதாரணச் சுடிதாரில், கையில் ஒரு துணியோடு. அளவு எடுத்துக்கொண்டே பேசுவார். கை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகவே தைக்கிறார். அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.