காலை ஆறு மணிப் பணிக்கு என் உறக்கத்தை மாற்றிக்கொண்ட விதம்

கல்லூரிக் காலத்திலிருந்தே இரவு பதினொன்றுக்குப் பிறகுதான் எனக்கு மனம் தெளிவாக இயங்கும். பரிசோதனைக்கூடப் பணியில் பன்னிரண்டு ஆண்டுகள் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையிலான முறையிலேயே இருந்ததால், இந்த இயல்பு ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை. வீடு திரும்பிச் சாப்பிட்டு, சற்று நேரம் படித்துவிட்டு, 2 மணிக்குப் படுத்துக் காலை 9.30 மணிக்கு எழுவேன். சென்ற ஆண்டு ஜூன் மாத நடுவில் ரத்தம் எடுக்கும் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருபவர்களுக்காக அந்தப் பிரிவு காலை 6 மணிக்கே திறந்துவிடும். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து தில்லைநகர் போய்ச் சேர, நான் 4.50 மணிக்கு எழுந்தாக வேண்டும்.

முதல் மூன்று வாரங்களில் நான் செய்தது, பெரும்பாலோர் செய்வதுதான். இரவு 9.30 மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தேன். உறக்கம் வரவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று கூடத்துக் கடிகாரம் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே கிடந்து, ஒரு மணிக்கு மேல் கண்ணயர்ந்து, அலாரம் அடித்ததும் எழுந்து, நாள் முழுதும் கண்ணெரிச்சலோடு நடமாடினேன். படுக்கப் பாய் விரித்ததுமே இன்றைக்கும் இப்படித்தானோ என்ற பதற்றம் தொற்றிக்கொள்ளும்; அந்தப் பதற்றமே உறக்கத்தை இன்னும் விரட்டியது.

அந்த நாள்களில் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், மெலிந்த கை. ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவிப் பார்த்து ஊசியைச் செலுத்தினேன், ரத்தக்குழாய் நழுவியது. இரண்டாம் முறையும் தவறியது. தோலின் கீழே நீலம் பரவுவதைப் பார்த்தபடி அவர், "பரவாயில்லம்மா, மெதுவா எடு" என்றார். மறுநாளே, ஒருவருடைய பெயர் ஒட்டியைச் சாம்பல் மூடியிட்ட இன்னொருவர் குப்பியில் ஒட்டப் போனேன். அருகில் இருந்த சக பணியாளர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒருவருடைய சர்க்கரை அளவு மற்றவர் பெயரில் போயிருந்தால், அதை நம்பி மருந்தின் அளவை மாற்றியிருப்பார்கள். அன்று மாலையே எங்கள் நோயியல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் தொழிலிலிருந்தே தொடங்கினார். கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் பரிசோதனைக்குக் காலை 8 மணிக்கு ரத்தம் எடுக்கிறோமே, ஏன் என்று கேட்டார். அந்தச் சுரப்பு விழிக்கும் வேளையில் உச்சத்திலும் நள்ளிரவை ஒட்டி மிகத் தாழ்ந்தும் இருக்கும். இரவுப் பணி செய்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தை நடத்தும் கடிகாரம் என் உடலிலும் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. மூளையில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்த அந்தக் கடிகாரம், மனிதர்களுக்குச் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடுகிறது என்றும், அதனால்தான் உறக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிதாகவும் முன்னே கொண்டுவருவது கடினமாகவும் இருக்கிறது என்றும் அவர் விளக்கினார்.

அவர் சொன்னவற்றுள் என்னை மிகவும் வியக்க வைத்தது ஒளியைப் பற்றிய செய்தி. வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அதற்குப் பின் கண்ணில் படும் ஒளி கடிகாரத்தை முன்னே நகர்த்தும், அதற்கு முன் படும் ஒளி பின்னே தள்ளும். 9.30 மணிக்கு விழித்துப் பழகிய உடலுக்கு அந்தத் தாழ்நிலை ஏறக்குறைய 7 மணிக்கு வரும். அப்படியானால், 5 மணிக்கே எழுந்து பளிச்சென்ற விளக்குகளின் கீழ் வேலையைத் தொடங்கிய நான், எந்தத் திசையில் போக வேண்டுமோ அதற்கு எதிர்த் திசையில் என்னையே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்!

பொறுப்பாளரிடம் பேசி, ஏறத்தாழ ஒரு மாதத்துக்குக் காலை 8.30 மணி முறையைக் கேட்டு வாங்கினேன். இப்படிக் கேட்கப் பலர் தயங்குவார்கள், நானும் தயங்கினேன். கேட்டதால்தான் மற்றவையெல்லாம் நடந்தன. 7.30 மணிக்கு எழுவதில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னே நகர்த்தினேன். எட்டுப் படிகள், இருபத்து நான்கு நாள்கள். எழுந்தபின், வெயில் வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் வெயிலில் நடந்தேன். படுக்கும் நேரத்தை நான் வற்புறுத்தவில்லை; கண் சொக்கினால் மட்டுமே படுத்தேன், உறக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து கூடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டேன். எழும் நேரம் உறுதியாக நின்றபோது, படுக்கும் நேரம் சில நாள் பின்தங்கியாவது அதன் பின்னாலேயே வந்தது.

மாலைப் பொழுதை மாற்றுவதற்கு வீட்டாரின் துணை வேண்டியிருந்தது. 8 மணிக்கு மேல் கூடத்தில் குழல்விளக்கு எரியாது, மஞ்சள் குண்டுபல்பு ஒன்று மட்டுமே எரியும் என்பதற்கு அம்மா மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். இரவுச் சாப்பாட்டையும் 7.30 மணிக்கே முடித்தோம். கைப்பேசியைக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போனேன். மாலை 5 மணி ஃபில்டர் காபியை விடுவதுதான் எனக்கு உண்மையிலேயே கடினமாக இருந்தது. குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்று தெரிந்த பிறகு, நண்பகலுக்கு மேல் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

6 மணி முறைக்குத் திரும்பிய பின், பணி பகல் 2 மணிக்கு முடிந்து, திருச்சி வெயிலில் வீடு வந்து சேர்ந்ததும் உடல் தரையில் சாயத் துடிக்கும். ஒருநாள் இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டு, அன்றிரவு பன்னிரண்டு வரை விழித்துக் கிடந்தேன். அதன்பின் பகல் உறக்கம் 25 நிமிடம், அதுவும் 3.30 மணிக்குள் என்று வரையறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளும் இப்படியே பாடம் கற்பித்தன. முதல் இரண்டு ஞாயிறுகளில் 9 மணி வரை உறங்கியதால், திங்கள் காலை சாண் ஏற முழம் சறுக்கிய நிலைதான். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொண்ட பின்புதான் நிலை கொண்டது.

ஆடிப்பெருக்கை ஒட்டி 4.50 மணியை எட்டி, மீண்டும் 6 மணி முறைக்கு வந்தேன். காவிரிப் பாலத்தில் வண்டியில் போகும்போது கீழ்வானம் வெளுத்திருக்கும், ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும். செப்டம்பரில் அந்தப் பெரியவர் மூன்று மாதச் சர்க்கரை பார்க்க மறுபடியும் வந்தார். கையை நீட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் குத்திலேயே ரத்தம் குப்பியில் ஏறியது; பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னபோதுதான், "எடுத்தாச்சா?" என்று திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த இருபத்து நான்கு நாள்களைத் திரும்பவும் கடப்பேன்.

என் இயல்பு மாறிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன நான்கே நாளில் உறக்கம் நாற்பது நிமிடம் பின்னே நழுவியது. திரும்பி வந்ததும் பழைய படிகளைச் சுருக்கி மறுபடியும் ஏறினேன். மார்கழி, தை மாதங்களில் ஆறரை மணி வரை சூரியன் எழாது. மொட்டை மாடியிலும் பாலத்திலும் இருட்டாகவே இருக்கும். அதனால் கிழக்குச் சன்னலை ஒட்டிய மேசையை எனக்குத் தரும்படி கேட்டுக்கொண்டேன். முதல் கூட்டம் குறையும் வேளையில் அந்தச் சன்னல் கதவை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, வெயில் முகத்தில் படும்படி அமர்ந்து அடுத்த பெயரை அழைக்கிறேன்.