சீட் பெல்ட் போட்டுக்கொண்டு துப்பாக்கிப் பயிற்சி

டெக்சாஸில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் 2007-லிருந்தே லைசென்ஸ் இல்லாமல் தன் காரில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், வெளியே தெரியாதபடி. ஆனால் உட்கார்ந்தபடி அதை எடுக்கப் பழகியவர்கள் என் வட்டத்தில் குறைவு. அதற்கான வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன்.

கையில் கொடுத்தது குண்டில்லாத நீல பிளாஸ்டிக் துப்பாக்கி. இங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், அதனால் பெல்ட்டின் பக்கிள் வலது இடுப்பில் வந்து விழும். பலரும் துப்பாக்கி உறையை மாட்டுவதும் அங்கேதான்! முதலில் பெல்ட்டைக் கழற்றி முழுதாக விலக்க வேண்டும். அப்புறம், குழல் முனை நம் தொடையையோ பக்கத்தில் இருப்பவரையோ பார்க்காமல் ஸ்டியரிங்குக்கு மேலே கொண்டுவர வேண்டும். விரல் டிரிகருக்கு வெளியே. மெதுவாகச் செய்தாலே வியர்க்கிறது.

சினிமாவில் கார் கதவுக்குப் பின்னால் ஒளிவார்களே, அதெல்லாம் சும்மா. கதவு வெறும் தகடு. தோட்டாவைத் தடுக்கக்கூடியது எஞ்சின் பகுதிதான். முன் கண்ணாடி சாய்ந்திருப்பதால் உள்ளிருந்து சுடும் தோட்டா சற்று மேலே விலகும்.

கார் நகரும் என்றால் துப்பாக்கியைத் தொடாதே, ஆக்சிலேட்டரை மிதி என்றார் பயிற்சியாளர். சிக்னலில் முன் காரின் பின் டயர்கள் தெரியும்படி இடைவெளி விடச் சொன்னதும் அதற்காகத்தான். இப்போது அப்படித்தான் நிற்கிறேன், பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்தாலும் சரி.