71 மாடல் அம்பாசிடர்: இன்ஜினை மாற்றப் போய் கேஸ்கெட் மாற்றிய கதை

வட சென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் எங்கள் வண்டிக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒரு கூட்ஸ் போய் அடுத்த கூட்ஸ் வருவதற்குள் பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பும். பின்னால் நிற்கிற கன்டெய்னர் லாரிக்காரர் ஹார்னிலேயே திட்டுவார்.

தாத்தா வாங்கிய மார்க் 2. 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும் கை கியர். ஒரு வருடமாகவே இழுவை இல்லை. பெரம்பூரில் இருக்கும் என் மச்சான் தன் பழைய அம்பாசிடரில் ஜப்பான் இசுசு இன்ஜின் ஏற்றி ஓட்டுகிறான். 1992-ல் கம்பெனியே அம்பாசிடரில் போட்ட அதே 1817 சிசி, ஐந்து கியர். "மாமா, ஏசி போட்டாக்கூட அசையாம இழுக்குது" என்று ஒவ்வொரு ஞாயிறும் பாட்டு. ஓட்டிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. சரி, மாற்றிவிடலாம் என்று புதுப்பேட்டையில் இன்ஜின்கூடப் பார்த்து வைத்தேன்.

அப்புறம்தான் அளக்கிற டேப்பைக் கையில் எடுத்தேன். இன்ஜின் மட்டும் வராது, கியர் பாக்ஸும் சேர்ந்தே வரும். கியர் ராடு தரையிலிருந்து எழும்புவதால் ஃப்ளோரை வெட்ட வேண்டும். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. அதனால் எங்கே வெட்டுகிறோம் என்பது சின்ன விஷயமில்லை. கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாப்டின் நீளம் மாறும், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் மாறும். வேகம் கூடினால் நாலு பக்கமும் இருக்கிற டிரம் பிரேக்கை நம்ப முடியாது. ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சி புக்கிலும் ஏற்ற வேண்டும்.

ஒரிஜினலாகவே வைத்து விண்டேஜ் பதிவுக்குப் போகலாமா என்றும் பார்த்தேன். 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்கு அது கிடைக்கும். இன்ஜின், பாடி எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். எனக்குக் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போக வேண்டும். அது நமக்குச் சரிப்படாது.

தண்டையார்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "மொதல்ல கம்ப்ரஷன் பாப்போம்பா. அப்பால நீ எந்த இன்ஜினை வேணா போட்டுக்கோ" என்றார்.

கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும்போது வரும் அழுத்தம். நாலு பிளக்கையும் கழற்றி கேஜ் வைத்தார். முதல் சிலிண்டர் 120 பிஎஸ்ஐ, நாலாவது 115. நடுவில் இரண்டும் மூன்றும் 60-ஐத் தாண்டவில்லை. அந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தார். முள் ஏறவே இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால், ஆயில் இடுக்கை அடைத்து ஏறியிருக்கும். "பக்கத்து பக்கத்துல ரெண்டும் படுத்துச்சுன்னா நடுவுல கேஸ்கெட் போச்சுன்னு அர்த்தம்."

சிலிண்டர்களுக்கு மூடி மாதிரி இருக்கும் ஹெட்டைத் தூக்கினோம். அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கேஸ்கெட் விரல் அகலத்துக்குக் கருகியிருந்தது. ஹெட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினால் நடுவில் ஆறு தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபீலர், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, தாராளமாக நுழைந்தது. சூட்டில் வளைந்திருக்கிறது. காசிமேட்டில் போட் இன்ஜின் வேலை செய்யும் லேத்தில் கொடுத்து, மட்டமாகச் சீவி (ஃபேஸ் பண்ணி) வாங்கினோம்.

ஏன் இவ்வளவு சூடு? அதற்குக் காரணம் நானேதான். பல வருடமாக வீட்டு அடிபம்பில் அடித்த உப்புத் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றி வந்திருக்கிறேன். பிளாக்கின் தண்ணீர் ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் கிளறினால் செங்கல் நிறத்தில் சேறு, ஒரு மக் நிறைய. கடைசி சிலிண்டர் பக்கம் தண்ணீர் போகவே வழியில்லை. ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்ய ஒரு நாள் போனது.

டேப்பட் வைப்பதை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதை மட்டும் அண்ணன் என்னிடம் விட்டார். இதில் ஒன்பது கணக்கு ஒன்று உண்டு. எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வை, ஆறு திறந்தால் மூன்றை வை. கூட்டினால் ஒன்பது வரணும். இடைவெளி 15 தௌ. ஃபீலர் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். எனக்கு எட்டு வால்வுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து மூன்றைத் திருத்தினார்.

இந்த இன்ஜினின் மூதாதை ஆஸ்டின் ஏ40-ல் இருந்த 1200 சிசி இன்ஜின். அந்த ஏ40 கார்களை 1949-ல் எண்ணூரில்தான், அசோக் மோட்டார்ஸில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி உருவாக்கினார்கள். ஒரு வகையில் நம்ம ஏரியா சொந்தம்.

போன வாரம் அதே கேட்டில் இருபது நிமிடம் நின்றேன். ஆவியும் இல்லை, ஹார்னும் இல்லை. இசுசு இழுவை வரவில்லை, வரவும் வராது. ஆனால் மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறுகிறது, எனக்கு அது போதும்.

பின்பக்க ஆயில் கசிவு மட்டும் நிற்கவில்லை. இந்த இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது, மரை மாதிரி வெட்டிய பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பிவிடும், தேய்ந்தால் சொட்டும். அதைப் பார்க்க இன்ஜினை இறக்க வேண்டும். இறக்கினால் மச்சான் மறுபடி இசுசு பேச்சை எடுப்பான். இப்போதைக்கு அடியில் ஒரு பழைய தாம்பாளம் வைத்திருக்கிறேன்.