பஞ்ச காலத்து வரவேற்பு மேசை

2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை விதிக்கப்பட்டுப் பெரும்போக நெல் விளைச்சல் விழுந்து, அடுத்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோது, நெல் விளையும் வன்னியிலேயே சில வீடுகளில் இரவுச் சமையல் நின்றிருந்தது.

அந்த நாட்களில்தான் உணவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச அதிகாரி ஒருவர் எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தார். நிறைகுடமும் மாலையும் முடிந்தபின், மேடையருகே வெள்ளை விரிப்பிட்ட மேசையில் கட்லட், ரோல்ஸ், வறுத்த கஜு, குளிர்ந்த சோடா ஆகியவை அடுக்கப்பட்டிருக்க, கீழே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த கமக்காரர்களுக்குச் சீனியில்லாத பிளேன்ரீ மட்டுமே கிடைத்தது. செலவு மாதர் சங்கச் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே என்னை அதிகம் உறுத்தியது. (கஜுவில் பாதி தொடப்படவேயில்லை.)

வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது எங்கள் வழக்கமல்லதான். ஆயினும் பதவிக்கு அஞ்சிப் பரிமாறுவதை விருந்தோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023 பெப்ரவரியில், நாடு வங்குரோத்தான நிலையிலும் 75ஆவது சுதந்திர தின விழாவுக்கு 20 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதை இதே மனப்பாங்கின் பெரிய வடிவமாகவே பார்க்கிறேன்.

இனிமேல் யார் வந்தாலும் எல்லோருக்கும் ஒரே கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுவோம் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறேன்; தலைவி அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை.