மின்ஜெரிபா: இரண்டு தோழிகளின் தீவு

மின்ஜெரிபா தீவுக்குப் போய்விட்டு நேற்றிரவுதான் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் திரும்பினேன். முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். கிளீவ்லாந்து ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை நடந்தே போகிற தூரம். படகு போய்விடுமோ என்ற பதற்றத்தில் டாக்சி ஏறினேன். 25 டாலர் கறந்துவிட்டார் அந்த ஓட்டுநர். என் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அது.

சரி, தீவுக்கு வருகிறேன். வரைபடத்தில் வடக்கு ஸ்ட்ராட்புரோக் என்றிருக்கும். அங்குள்ள பழங்குடிகளான குவாண்டமூக்கா மக்களுக்கு அது மின்ஜெரிபா. பழங்குடிக் கவிஞர் ஊட்ஜெரூ நூனுக்கல் வளர்ந்த மண். 13 வயதில் படிப்பை விட்டு வீட்டு வேலைக்குப் போனவர். கேத் வாக்கர் என்ற பெயரில் 1964-இல் அவர் வெளியிட்டதுதான் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரின் முதல் கவிதை நூல். பதிப்பகத்துக்காக அதைப் படித்துப் பார்த்து, அவசியம் போடுங்கள் என்றவர் ஜூடித் ரைட். வெள்ளையர் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த கவிஞர்.

ஜூடித் கைதூக்கிவிட்டார் என்பதோடு இந்த இருவரின் நட்புக் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஜூடித் பக்கம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1959-இல் தன் தாத்தா பாட்டியின் பண்ணை வாழ்க்கையைப் பெருமையோடு நூலாக எழுதினார். 1981-இல் அதே குடும்பக் கதைக்குத் திரும்பி, இம்முறை அந்த நிலத்தை இழந்த வாட்ஜா பழங்குடி மக்களையும் அங்கு நடந்த கொலைகளையும் எழுதினார். சொந்தத் தாத்தா காலத்துக் கணக்கைத் தானே திறந்து காட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இடையில், 1970-களின் தொடக்கத்தில், தோழிக்கென்றே ஒரு கவிதை எழுதினார். தீவிலுள்ள மயோரா ஊற்றருகே, காகிதப்பட்டை மரத்தடியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். கவிதையில் இருவருக்கும் நடுவே கத்தி கிடக்கிறது. அதைத் திருப்பி, பிடியைத் தோழியின் பக்கம் வைக்கிறார். அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. 'ஊட்ஜெரூ' என்றாலே காகிதப்பட்டை மரம்தான். 1988-இல், வெள்ளையர் குடியேற்றத்தின் 200-ஆம் ஆண்டு விழாவை எதிர்த்துத் தனக்குக் கிடைத்த பிரிட்டிஷ் விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார் கேத் வாக்கர்.

பஸ் நேரம், சாப்பாடு எல்லாம் விரிவாக எழுதத்தான் நினைத்தேன். தீவுக்குள் பஸ் குறைவு. ஒன்றை விட்டால் வெயிலில் வெகுநேரம் நிற்க வேண்டும். தீவிலுள்ள டன்விச் ஊரில் சாப்பிட்ட மீன் வறுவல் அருமை, விலைதான் வலித்தது. அப்புறம், திரும்பும்போது படகுத்துறையிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தேன். இருபது நிமிடம்தான்.